அந்தச் சப்பை மூக்கு யாருக்காக?

(கோவையில் ஒரு வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற அரசுக் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பூனையைப் பற்றிப் பேச வருகிறவன் அவையடக்கம் சொல்ல வேண்டுமென்றால் கம்பரைத்தான் தேடிப் போக வேண்டும். ராமகதையைச் சொல்லத் துணிந்த தன்னை, பாற்கடலை முழுக்க நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனையோடு ஒப்பிட்டுக்கொண்டவர் அவர். நான் கால்நடை மருத்துவன். அந்தப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு கவலை வரும். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது, வயிற்றால் போகும். கடலையே குடித்திருந்தால் அந்தப் பூனை என்ன பாடு பட்டிருக்கும்! பூனைக்குப் பால் என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறோம். அதன் குடலுக்கு அது ஒத்துக்கொள்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. நான் இன்று கேட்கப் போவது அந்த ஒரு கேள்வியைத்தான்: நமக்குப் பிடித்தது அதற்கு ஆகுமா?

என் பணிக்காலம் மாட்டோடும் ஆட்டோடும் போனது. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கால்நடை மருந்தகங்களில் பூனையைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால் வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். இப்போது ஊருக்குள் ஒரு சிறு கிளினிக்கில் மாலையில் உட்காருகிறேன். பீளமேடு, சாய்பாபா காலனி, சரவணம்பட்டி அடுக்ககங்களிலிருந்து கூடை கூடையாகப் பூனைகள் வருகின்றன. பூனைக் கண்காட்சிகள்கூடக் கோவையில் நடக்கின்றன. எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வருகிற பூனைகளின் முகத்தைப் பார்த்தால் அந்த மகிழ்ச்சி பாதியாகிவிடுகிறது.

இனம், இனவிருத்தி என்பதெல்லாம் கொங்கு நாட்டுக்காரர்களுக்குப் புதிதில்லை. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காங்கேயம் மாட்டைத் தேர்ந்தெடுத்து வளர்த்தது நாடறிந்த வரலாறு. அவர்கள் காளையில் எதைப் பார்த்தார்கள்? குளம்பு உறுதி பார்த்தார்கள். கிணற்றில் கவலை இறைக்கத் தோளில் வலு இருக்கிறதா என்று பார்த்தார்கள். கிளுவை வேலி போட்ட கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல் காயையும் தின்றே உடம்பு தேற்றிக்கொள்கிறதா என்று பார்த்தார்கள். திமிலும் கொம்பும் அழகாக இருந்தால் சந்தோஷப்பட்டார்கள், விலையும் கூடிற்று. ஆனால் நடக்க முடியாத காளையைக் கொம்பு அழகாக இருக்கிறது என்று எவரும் பொலிகாளையாக விட்டதில்லை. மாட்டுக்கு இந்த மண்ணில் வாழத் தெரிய வேண்டும். அழகு அதற்கு அடுத்ததுதான்.

பூனை இனங்களின் கதை வேறு மாதிரி நடந்தது. மனிதனோடு பூனை சேர்ந்து வாழத் தொடங்கிச் சுமார் பத்தாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. சைப்ரஸ் தீவில் மனிதனின் புதைகுழிக்கு அருகிலேயே 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய பூனையின் எலும்புக்கூட்டை எடுத்திருக்கிறார்கள். இத்தனை காலமும் தானியக் களஞ்சியத்தில் எலி பிடிப்பதற்கு மேல் பூனையிடம் நாம் எதையும் கேட்கவில்லை. அந்த வேலைக்கு அதன் உடல் இயல்பாகவே பொருந்தியிருந்ததால் உடலில் கைவைக்கவும் இல்லை. 1871 ஜூலையில் ஹாரிசன் வெயர் என்ற ஓவியர் லண்டன் கிரிஸ்டல் அரண்மனையில் பெரிய பூனைக் கண்காட்சி ஒன்றை நடத்தினார். இன்றைய பூனைக் கண்காட்சிகளுக்கெல்லாம் அதுதான் தாய். இந்த இனத்துக்கு முகம் இப்படி, ரோமம் இப்படி, கண் இப்படி என்று இலக்கணம் எழுதும் பழக்கம் அதற்குப் பின்தான் வேகம் பிடித்தது. ஆக, நாம் இன்று இனம் என்று சொல்பவற்றில் பெரும்பாலானவை ஒன்றரை நூற்றாண்டுக்குள் உண்டானவை. பூனையின் வரலாற்றில் அது ஒரு நொடி.

அந்த நொடிக்குள் என்ன செய்திருக்கிறோம் என்று பாருங்கள். பெர்சியன் பூனையில் தொடங்குகிறேன். நம் ஊரில் அதிகம் விற்பது அதுதான். விற்பவர்கள் மூன்று தரம் சொல்வார்கள்: மூக்கு ஓரளவு வெளியே இருந்தால் ‘டால் ஃபேஸ்’, உள்ளே போயிருந்தால் ‘செமி பஞ்ச்’, முகத்தில் குத்துவிட்டதுபோல் சப்பையாக இருந்தால் ‘பஞ்ச் ஃபேஸ்’. விலையும் அதே வரிசையில் ஏறும். ஒரு பையன் குட்டியைக் கொண்டுவந்து, “ஏனுங்க டாக்டர், மூக்கு இன்னுங் கொஞ்சம் உள்ள போயிருந்தா பஞ்ச் ஃபேஸ் வெலைக்குப் போயிருக்குமாமா?” என்று கேட்டான். அந்தக் குட்டியின் இரண்டு கண்களின் ஓரத்திலும் பழுப்பு நிறத்தில் நீர் வழிந்து காய்ந்திருந்தது. துடைத்தால் அடியில் தோல் வெந்து சிவந்திருந்தது.

அது ஏன் வழிகிறது? கண்ணீர் கண்ணிலிருந்து மூக்குக்குள் இறங்க ஒரு மெல்லிய குழாய் உண்டு. முகம் நீளமாக உள்ள பூனையில் அது ஏறத்தாழ நேராகப் போகும். முகத்தைச் சப்பையாக்கும்போது மேல் தாடை சுருங்கி, கோரைப் பல்லே இடம் புரண்டுவிடுகிறது. குழாய் அந்தப் பல்லுக்கு அடியில் போய், வளைந்து, மறுபடி மேலே ஏற வேண்டியிருக்கிறது. நீர் எப்படி மேலே ஏறும்? முகத்தில்தான் வழியும். ஈரமான இடத்தில் பூஞ்சை பிடிக்கும். மூக்குத் துவாரமோ ஒரு கீறல் அளவுக்குத்தான் இருக்கும். பூனைக்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. ரோமத்தை நக்கி ஈரமாக்கியும், முடியாதபோது வாயைத் திறந்து இரைத்தும்தான் சூட்டைத் தணிக்கும். கீறலளவு மூக்கையும் கம்பளி போன்ற ரோமத்தையும் வைத்துக்கொண்டு சித்திரை மாதத்து ஈரோட்டில், கரூரில் அது என்ன செய்யும்? கரண்ட் போனால் நாம் விசிறியைத் தேடுகிறோம். அது குளியலறைத் தரையில் வயிற்றைப் பரப்பிப் படுக்கிறது.

வெளியே தெரிகிற இந்தக் கோளாறுகளுக்கு மேல், தெரியாத ஒன்றும் உண்டு. பெர்சியன் இனத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் உண்டாகும் பரம்பரை நோய் பரவலாக இருக்கிறது. தாய், தகப்பன் இரண்டில் ஒன்றிடம் அந்த மரபணு இருந்தாலே போதும், குட்டிகளில் பாதிக்கு வரலாம். பிறக்கும்போதே கட்டி இருக்கும். வயது ஏற ஏறக் கட்டி பெருத்துச் சிறுநீரகத்தை விழுங்கும். நடுவயதில் பூனை மெலிந்து, தண்ணீரை ஓயாமல் குடித்துக்கொண்டு வரும்போதுதான் வீட்டாருக்குத் தெரியும். இந்த நோய்க்கு 2004ஆம் ஆண்டிலிருந்தே மரபணுப் பரிசோதனை இருக்கிறது. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்தால் போதும். இனவிருத்தி செய்கிறவர் இணை சேர்க்கும் முன் இதைச் செய்துவிட்டால் சில தலைமுறைகளில் நோயை விரட்டிவிடலாம். குட்டி வாங்கப் போகிறவர்கள் ரோமத்தைத் தடவிப் பார்க்கிறார்கள், கண் நிறம் கேட்கிறார்கள். பரிசோதனைச் சீட்டு எங்கே என்று கேட்டவர்கள் அரிது.

அடுத்தது ஸ்காட்டிஷ் ஃபோல்டு. ஆந்தைபோல் வட்ட முகம், முன்பக்கம் மடிந்த காது. பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் வளர்க்கிற இனம் என்பதால் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். 1961இல் ஸ்காட்லாந்தின் கூப்பர் ஆங்கஸ் ஊருக்கு அருகே ஒரு பண்ணையில் சூசி என்ற வெள்ளைப் பூனையிடம் இந்த மடிந்த காதைக் கண்டார்கள். இன்றுள்ள ஃபோல்டுகள் அதன் வழியில் வந்தவை. காது ஏன் மடிகிறது? காதைத் தாங்கும் குருத்தெலும்பு சரியாக உருவாகவில்லை, அதனால் மடிகிறது. குருத்தெலும்பு காதில் மட்டுமா இருக்கிறது? ஒவ்வொரு மூட்டிலும் இருக்கிறது. மடிந்த காது வெளியே தெரியும் அடையாளம் மட்டுமே. கோளாறு உடம்பெங்கும் இருக்கிறது. சிலவற்றில் லேசாக, சிலவற்றில் கடுமையாக.

இப்படியொரு பூனை என் மேசைக்கு வந்தது. “ரொம்பச் சாதுங்க, சோபாமேலகூட ஏறாது, ஓரிடத்துல உக்காந்தா உக்காந்ததுதான்” என்று அந்த அம்மிணி பெருமையாகச் சொன்னார். நான் வாலின் அடிப்பகுதியைப் பிடித்து மெல்ல வளைத்தேன். வளையவில்லை, மரக்குச்சிபோல் நின்றது. பின்னங்கால் பாதத்தில் விரலை வைத்தால் எலும்பு முடிச்சு முடிச்சாகத் தட்டுப்பட்டது. சோபாவில் ஏறாததற்குக் காரணம் சாதுத்தனம் இல்லை, வலி. பின்கால்களை முன்னால் நீட்டிப் புத்தர்போல் அது உட்கார்ந்திருக்கும் படத்துக்கு இணையத்தில் இதயக் குறிகள் குவிகின்றன. மூட்டின் பாரத்தைக் குறைக்கத்தான் பல பூனைகள் அப்படி உட்காருகின்றன என்று கால்நடை மருத்துவர்கள் கருதுகிறார்கள். பூனை வலியை வெளியே காட்டாது. வேட்டையாடும் விலங்காகவும், வேறு விலங்குக்கு இரையாகவும் வாழ்ந்த உயிர், நொண்டினால் தப்ப முடியாது என்பதால் மறைத்துப் பழகிவிட்டது.

குட்டைக்கால் மஞ்ச்கினும் இதே வகைதான். காலைக் குட்டையாக்கும் மரபணு தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் சேர்ந்துவிட்டால் கரு பிழைப்பதில்லை. நீலக்கண் வெள்ளைப் பூனையை ராஜகளை என்கிறார்கள். இரண்டு கண்ணும் நீலமாக உள்ள வெள்ளைப் பூனைகளில் பாதிக்கு மேல் செவிடு. “கூப்பிட்டா திமிரா உக்காந்திருக்கு” என்று சொல்வார்கள். அதற்குக் கேட்கவில்லை.

பெங்கால் பூனையின் சிக்கல் வேறு. உடம்பில் சிறுத்தைப் புள்ளி வேண்டும் என்று ஆசிய சிறுத்தைப் பூனையை வீட்டுப் பூனையோடு சேர்த்து உண்டாக்கிய இனம் அது. அந்தச் சிறுத்தைப் பூனை இங்கிருந்து சில மணி நேரத் தொலைவில், வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே உள்ள சோலைகளில் இரவில் உலவுகிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. அந்தப் புள்ளியை வரவேற்பறையில் பார்க்க ஆசைப்படுகிறவர், ஓடவும் ஏறவும் வேட்டையாடவும் துடிக்கும் ரத்தத்தையும் சேர்த்தே வாங்கி வருகிறார். இரண்டு படுக்கையறை வீட்டில் அது திரைச்சீலையைக் கிழித்தால் பழி பூனைமேல் விழுகிறது. இந்த இடத்தில் விவசாயிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பவானி, சத்தியமங்கலம் பக்கம் கரும்பு வெட்டும்போது காட்டுப்பூனைக் குட்டிகள் கிடைப்பதுண்டு. அநாதை என்று நினைத்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். வெட்டுவதை நிறுத்தி ஒதுங்கி நின்றால் தாய் வந்து தூக்கிக்கொண்டு போகும். வராவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இங்கே யாரோ கேட்க நினைப்பது எனக்குத் தெரிகிறது. “பல்லடத்துக்குப் பக்கத்துல இருந்துகிட்டு, பிராய்லர் சாப்பிட்டுக்கிட்டுப் பூனைக்கு அழுகறீங்களே?” நியாயமான கேள்வி. கறிக்கோழி விலையைப் பல்லடத்தில் நிர்ணயித்துத் தமிழ்நாட்டுக்கே அறிவிக்கும் ஊர்க்காரர்கள் நாம். தேர்ந்தெடுத்த இனவிருத்தி ஓர் உடலை எங்கே கொண்டுபோகும் என்பது நம்மைவிட யாருக்குத் தெரியும்? கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டு வகைக் கோழியையும் 2005ஆம் ஆண்டு வகையையும் ஒரே மாதிரித் தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 56 நாளில் பழைய வகை சுமார் 900 கிராம், புதிய வகை 4 கிலோவுக்கு மேல். அந்தப் பாரத்தைக் காலும் இதயமும் தாங்காமல் சாகும் கோழிகளை நானே அறுத்துப் பார்த்திருக்கிறேன். கோழியை நான் மறக்கவும் இல்லை, அதற்கு வக்காலத்து வாங்கவும் இல்லை. ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள். கோழிக்குக் கால் தாங்கவில்லை என்றால் பண்ணைக்காரர் அதை நட்டக் கணக்கில் எழுதுகிறார். கால் உறுதியான வகை வேண்டும் என்று குஞ்சு தருகிற கம்பெனியிடம் சண்டை போடுகிறார். பூனையில் அந்தக் குறைக்குத்தான் கூடுதல் விலை. சப்பை மூக்குக்கு ஒரு விலை, மடிந்த காதுக்கு ஒரு விலை, குட்டைக் காலுக்கு ஒரு விலை. குறை விலையாகிவிட்டால் அதை நீக்க யாருக்கு அக்கறை வரும்?

சட்டம் என்ன சொல்கிறது? ஜெர்மனியில், விலங்குக்கு வேதனை தரும் உடலமைப்பு பிறக்கும் என்று தெரிந்தே இனவிருத்தி செய்வதை விலங்குநலச் சட்டமே தடுக்கிறது. நெதர்லாந்தில் 2014இலிருந்து ஃபோல்டு இனவிருத்திக்குத் தடை. 2026 ஜனவரி முதல் மடிந்த காதுப் பூனைகளையும் ரோமமற்ற பூனைகளையும் புதிதாக வாங்கி வைத்திருப்பதற்கே தடை. ஏற்கெனவே வீட்டில் இருப்பவை மட்டும் விதிவிலக்கு. ஃபோல்டு பிறந்த பிரிட்டனிலேயே முதன்மையான பூனைப் பதிவு அமைப்பு 1970களின் தொடக்கத்தில் அதைப் பதிவதை நிறுத்திவிட்டது.

நம் மாநிலத்தில் நாய் விஷயத்தில் ஒரு முயற்சி நடந்தது. 2003இல் ஹட்ச் செல்போன் நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு பக் நாய் ஒரு சிறுவனின் பின்னால் ஓடியது. ஊரெல்லாம் பக் வாங்கிற்று. இரவெல்லாம் குறட்டைவிட்டு மூச்சுக்குத் திணறும் அந்த நாய்களை இன்றும் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனவிருத்திக் கொள்கை பக், பிரெஞ்சு புல்டாக், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு முதலான சில இனங்களை இங்கே பெருக்கக் கூடாது என்றது. நம் வெயிலையும் அந்த நாய்களின் உடல்நலத்தையும் கருதித்தான். எதிர்ப்பு வந்து விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. முடிவு எதுவானாலும், கேள்வியை அரசாங்கமே எழுப்பியது பெரிய காரியம். பூனைக்கு அந்த அளவுகூட இல்லை. நாய் இனவிருத்தியாளர்களுக்கு 2017இல் மத்திய அரசு விதி வகுத்தது. பூனை இனவிருத்திக்கென்று அப்படித் தனி விதி கிடையாது. ஒரு தாய்ப்பூனையை வருடத்துக்கு எத்தனை முறை ஈன வைக்கலாம் என்று கேட்பாரில்லை. ஆகவே இப்போதைக்கு வாங்குகிறவரின் மனச்சாட்சிதான் சட்டம்.

அப்படியானால் பூனை வேண்டுமென்பவர் என்ன செய்வது? தத்தெடுங்கள். சந்தைப்பேட்டையிலும் கோவில் வாசலிலும் அரிசி மில்லிலும் சாக்கில் கட்டி விட்டுப்போகும் குட்டிகளுக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. நாட்டுப் பூனையின் உடம்பை எந்தக் கண்காட்சி இலக்கணமும் கெடுக்கவில்லை. மூக்கு நீளம், ரோமம் குட்டை, கால் நேர். கறுப்புக் குட்டியை மட்டும் எடுக்கத் தயங்குகிறார்கள். பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்க்காதே என்று பழமொழியே இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே இருக்கிற பூனை எப்படிக் குறுக்கே போகும்?

தத்தெடுத்தால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். நமக்குப் பிடித்தது அதற்கு ஆகுமா என்ற கேள்வி இங்கும் துரத்தும். கொங்கு நாட்டில் சைவ வீடுகள் ஏராளம். “நாங்க கறி எடுக்கறதில்லீங்க, தயிர்ச்சோறு நல்லாத் திங்குது” என்பார்கள். பூனை புலியின் சாதி. டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்துதான் அதற்குக் கிடைக்கும். நம் உடல் அதைச் செய்துகொள்ளும், பூனையின் உடல் போதிய அளவு செய்துகொள்ளாது. அது இல்லாவிட்டால் மெல்ல மெல்லக் கண் கெடும், இதயம் பலவீனமாகும். வீட்டில் கறி சமைக்க வேண்டாம். பூனைக்கென்று விற்கும் முழுச்சத்து உணவை வாங்கிப் போடலாம். அதுவும் மனசுக்கு ஒப்பவில்லை என்றால் பூனை வளர்க்காமல் இருப்பதே அறம்.

சில நடைமுறைகளையும் சொல்லிவிடுகிறேன். குட்டியைத் தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன் பிரிக்காதீர்கள். எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. முன்பு வீட்டில் ஒரு குட்டி வாந்தியும் பேதியுமாகச் செத்திருந்தால் அந்தக் கிருமி தரையில் ஓராண்டு வரைகூடக் காத்திருக்கும். தடுப்பூசி போட்டு முடித்த பெரிய பூனையைத்தான் அந்த வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். மாடி வீடென்றால் பால்கனிக்கு வலை அடியுங்கள். பூனையின் உயிருக்கும் காவல், தேன்சிட்டுக்கும் அணிலுக்கும் காவல். ஐந்தாறு மாதத்தில் கருத்தடை செய்துவிடுங்கள். நான்கு மாதத்திலேயே சினைக்கு வரும் பூனை உண்டு, சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்தான். இன்று நீங்கள் இரக்கப்பட்டு எடுத்த ஒரு குட்டி, அடுத்த ஆண்டு சாக்கில் கட்டப்படும் ஒரு கூட்டத்துக்குத் தாயாகக் கூடாது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையைத் துரத்த வேண்டாம். மலத்தட்டை வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால் போதும், மலத்தில் உள்ள கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும்.

ஏற்கெனவே பெர்சியன் வைத்திருப்பவர்கள் குற்றவுணர்ச்சியோடு வீட்டுக்குப் போக வேண்டாம். அந்தப் பூனை எந்தத் தப்பும் செய்யவில்லை. தினம் முகத்தைத் துடையுங்கள், ரோமத்தைச் சீவுங்கள், கோடையில் ரோமத்தைக் குறைத்து வெட்டுங்கள், வருடம் ஒருமுறை சிறுநீரகத்தை ஸ்கேன் பாருங்கள். இணை மட்டும் சேர்க்காதீர்கள். ஈன்று ஈன்று ஓய்ந்துபோன தாய்ப்பூனைகளை இனவிருத்தி செய்கிறவர்கள் வேண்டாம் என்று கொடுத்துவிடுகிறார்கள். அவற்றை எடுத்து வளர்ப்பது புண்ணியம், அதில் இனப்பெருமை எதுவும் இல்லை. ஆனால் காசு கொடுத்துக் குட்டி வாங்கினால் அந்தக் காசு அடுத்த ஈத்துக்கு முன்பணம்.

கடைசியாக, நாட்டு இனம் என்று சொல்லிவிட்டால் மட்டும் எல்லாம் சுத்தமாகிவிடாது. 2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில், கோவை வ.உ.சி. மைதானத்தில் நாட்டு மாட்டுக்காக நின்றவர்களில் நானும் ஒருவன், அந்தப் பெருமை எனக்கு உண்டு. இப்போது நாட்டுப் பூனைக்கும் ‘இண்டிமாவ்’ என்று இனப்பெயர் சூட்டி உலகப் பூனைக் கூட்டமைப்பின் அங்கீகாரமும் வாங்கியாயிற்று. நல்ல எண்ணம்தான். ஆனால் நாளைக்கு அதற்கும் ஓர் இலக்கணம் எழுதி, புள்ளி வரிசைக்காகச் சொந்த ரத்தத்துக்குள்ளேயே சேர்க்க ஆரம்பித்தால் நாட்டுப் பூனையும் பெர்சியன் போன பாதையில்தான் போகும்.

நூறு ஆண்டுக்கு முந்தைய பெர்சியன் பூனையின் படங்களைத் தேடிப் பாருங்கள். அதற்கு மூக்கு இருக்கிறது. கேட்டவர்கள் கேட்டபடி, ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் கொஞ்சமாக அதை உள்ளே தள்ளினார்கள். கேட்பதை மாற்றினால் அதே வழியில் வெளியேயும் கொண்டுவரலாம். இனவிருத்தி செய்கிறவரிடம் தாயையும் தகப்பனையும் காட்டச் சொல்லுங்கள். சிறுநீரகப் பரிசோதனைச் சீட்டைக் கேளுங்கள். மூக்கு நீண்ட குட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் வாங்காமல் திரும்பி வாருங்கள். இந்த ஊரில் பத்துப் பேர் இப்படிக் கேட்டுவிட்டுத் திரும்பினாலும் இனவிருத்தி செய்கிறவர் யோசிப்பார். அவர் வியாபாரி, விற்காததை ஈன வைக்க மாட்டார்.